கெடு கடந்தால் நியாயம் செத்துவிடுமா?

ஒரு தொழிலாளிக்குச் சேர வேண்டிய சம்பளத்தை முதலாளி ஆண்டுக் கணக்காகக் குறைத்துக் கொடுத்து வருகிறார். குறைவாகக் கொடுப்பது வெளியே தெரியாதபடி மூடியும் வைக்கிறார். என்றோ ஒரு நாள் உண்மை தெரிந்து அந்தத் தொழிலாளி கோர்ட்டுப் படி ஏறினால், "சம்பளத்தைக் குறைக்க முடிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அல்லவா நீ வந்திருக்க வேண்டும்? கெடு கடந்துவிட்டதே!" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இப்படியும் ஒரு தீர்ப்பு உண்டா என்று தோழர்கள் கேட்கலாம். உண்டு. 2007-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்.

அந்த வழக்கில் வாதி, லில்லி லெட்பெட்டர் என்னும் பெண்மணி. பிரதிவாதி, குட்இயர் டயர் கம்பெனி.

குட்இயர் என்ற பெயரை ரப்பர்த் தொழிலாளிக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. 1898-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கப்பட்ட கம்பெனி அது. சுமத்ராவில் சொந்தமாகவே ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தது. நமது ஷா ஆலாமிலும் 2024 வரை அதன் டயர்த் தொழிற்சாலை ஓடியது. விடியுமுன் எழுந்து சீவிய பால் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அது. அங்கே இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு நேர்ந்ததை, இங்கே மரத்தின் முன் நிற்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இந்த வழக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

துண்டுக் காகிதம் சொன்ன சேதி

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அங்கே காட்ஸ்டன் என்ற ஊரில் 1929 முதல் 2020 வரை குட்இயர் டயர்த் தொழிற்சாலை நடந்தது. லில்லி லெட்பெட்டர் 1979-இல் அங்கே மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பின்னர் ஒரு பகுதிக்கு மானேஜராக இருந்தார். பெரும்பாலும் ஆண்களே பார்த்து வந்த வேலை அது. இராவேளையிலும் நின்று வேலை வாங்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் அவருக்கும் அதே வேலை பார்த்த ஆண்களுக்கும் சம்பளத்தில் வேற்றுமை இல்லை. ஆனால், அந்தப் பதவிகளுக்கு நிர்ணயமான சம்பள விகிதம் கிடையாது. மேலதிகாரி ஆண்டுதோறும் மதிப்பெண் போட்டு, அவரவருக்கு இவ்வளவு உயர்வு என்று எழுதுவார். ஓராண்டு ஆணுக்குக் கொஞ்சம் கூடும், பெண்ணுக்குக் கூடாது. அடுத்த ஆண்டும் அப்படியே. துளித்துளியாக ஒழுகியது ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும் நட்டமாயிற்று.

1997-ஆம் ஆண்டு முடிவில் கணக்கு எப்படி நின்றது தெரியுமா? அந்தப் பதவியில் இருந்த ஒரே பெண் லில்லி. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்கள் 15 பேர். அவர்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286 டாலர். மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236 டாலர். மாதத்துக்கு 559 முதல் 1,509 டாலர் வரை வித்தியாசம்!

வேலையில் மட்டமானவர் என்பதால் சம்பளம் குறைந்தது என்று கம்பெனி வாதாடியது. ஆனால், 1996-இல் சிறந்த வேலைக்கான பரிசை அவருக்குக் கொடுத்ததும் அதே கம்பெனிதான். அந்தப் பதவிக்குக் கம்பெனியே வகுத்திருந்த மிகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழாக ஒரு சமயம் அவர் சம்பளம் இறங்கியிருந்ததும் வழக்கில் வெளியாயிற்று.

இத்தனையும் அவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? சம்பளத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். வேலைக் காலம் முடியும் தறுவாயில், பெயர் போடாத துண்டுக் காகிதம் ஒன்றை யாரோ அவருக்காக வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவருடைய சம்பளமும், அவரைப் போன்ற மூன்று ஆண்களின் சம்பளமும் எழுதியிருந்தன. எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால், அந்தக் கை ஏதோ ஒரு தொழிலாளியின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறோம்.

சம்பளக் குறைவு சம்பளத்தோடு நிற்பதில்லை. ஓவர்டைம் பணம் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஓய்வுக்காலப் பணமும் அப்படியே. வேலையில் இருந்தபோது பிடுங்கப்பட்டது, வேலையை விட்ட பிறகும் சாகும்வரை பிடுங்கப்படும். நமது ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கும் தோழருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வரம் கொடுத்ததும் பறித்ததும்

லில்லி 1998-இல், வேலையில் சம வாய்ப்பைக் கவனிக்கும் அரசாங்கக் கமிஷனிடம் புகார் கொடுத்தார். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஆண் பெண் என்றோ வெள்ளையர் கறுப்பர் என்றோ பார்த்து வேலையிலும் கூலியிலும் வேற்றுமை காட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால், அச்சட்டப்படி வழக்குப் போடுமுன் கமிஷனிடம் புகார் பதிய வேண்டும். அலபாமாவில் அதற்குக் கெடு 180 நாள்.

அமெரிக்காவில் இத்தகைய சிவில் வழக்குகளையும் ஜூரிகள் விசாரிப்பதுண்டு. நம் நாட்டில் ஜூரி முறை இப்போது இல்லை. அங்கே ஊரிலுள்ள சாதாரண ஆண்களையும் பெண்களையும் அழைத்து உட்கார வைத்து, இரு தரப்பையும் கேட்கச் செய்து, உண்மை எது என்று அவர்களையே சொல்லச் சொல்கிறார்கள். 2003-இல் ஜூரிகள், பெண் என்பதற்காகவே லில்லியின் சம்பளம் குறைக்கப்பட்டது என்று முடிவு கூறினார்கள். பாக்கிச் சம்பளம், மன வேதனைக்கு ஈடு, கம்பெனிக்குத் தண்டமாக விதித்த தொகை எல்லாம் சேர்த்து 35 இலட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுப்பதில்லை என்பார்கள். ஜூரிகள் கொடுத்ததைச் சட்டம் கொடுக்கவிடவில்லை. எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் தண்டத் தொகையும் மன வேதனைக்கான ஈடும் சேர்ந்து 3 இலட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது என்று 1991-இல் செய்த சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பாக்கிச் சம்பளமும் இரண்டாண்டுக்குத்தான். ஆகவே, நீதிபதி மொத்தத் தொகையை 3 இலட்சத்து 60 ஆயிரமாக வெட்டினார்.

அதையும் கம்பெனி கொடுக்கவில்லை. அப்பீல் செய்தது. 2005-இல் அப்பீல் கோர்ட் அந்தத் தொகையையும் இல்லை என்று ஆக்கிவிட்டது. லில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

ஐவர் ஒரு பக்கம், நால்வர் ஒரு பக்கம்

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள். ஐந்து பேர் கம்பெனிக்கு வெற்றி என்றார்கள். நான்கு பேர் லில்லிக்கு நியாயம் வேண்டும் என்றார்கள். ஐந்து தலை ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவே நாட்டுக்குச் சட்டம்.

ஐவர் சார்பில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி அலிட்டோ. அவர் கூறியதை நாம் திரித்துச் சொல்ல விரும்பவில்லை. வேற்றுமை காட்டி எடுக்கப்பட்ட முடிவுதான் குற்றம். அந்த முடிவு எடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் வந்திருக்க வேண்டும். பிறகு வந்த சம்பளங்கள் பழைய முடிவின் விளைவுகளே அன்றிப் புதிய குற்றங்கள் அல்ல என்பது அவர் வாதம். கெடு எதற்கு என்றால், பழைய சங்கதியைப் பல ஆண்டு கழித்துக் கிளப்பினால் சாட்சிகள் இருக்கமாட்டார்கள், ஞாபகம் மங்கிவிடும், எதிர்த் தரப்பு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்றார். இந்த வழக்கிலேயே, லில்லி குற்றம் சாட்டிய மேலதிகாரி ஒருவர் விசாரணைக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இதில் நியாயம் அறவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பெரும்பாலான சிவில் வழக்குகளுக்குக் கெடு உண்டு. செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதும் உண்மை. ஆனால், நாம் கேட்பது ஒன்று: சாட்சி சாகும்வரை காலத்தை ஓட்டியது யார்? சம்பளத்தை மூடி வைத்தவரா, மூடியதைக் காண முடியாமல் உழைத்தவரா? திருடியவனே விளக்கை அணைத்துவிட்டு, "இருட்டில் ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்கலாமா?

இதைத்தான் எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எடுத்துரைத்தார். அப்போது அந்த ஒன்பது பேரில் அவர் ஒருவரே பெண். வழக்கமாக எதிர்த் தீர்ப்பை எழுதிக் கொடுப்பதோடு விட்டுவிடுவார்கள். அவரோ கோர்ட்டில் அமர்ந்தபடி யாவரும் கேட்க அதன் சாரத்தை வாய்விட்டு வாசித்தார். அவர் காட்டிய வேறுபாடு தோட்டத் தொழிலாளியும் எளிதில் விளங்கிக்கொள்ளக் கூடியது. ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், நீக்கிய அன்றே அவருக்குத் தெரியும். பதவி உயர்வு மறுத்தால் அதுவும் தெரியும். ஆனால், பக்கத்து ஆளுக்கு என்ன சம்பளம் என்று தெரியாதவருக்குத் தம் சம்பளம் குறைவென்று எப்படித் தெரியும்? முதல் ஆண்டில் சிறு வித்தியாசம் கண்டாலும், அதற்காக வழக்குப் போட யார் துணிவார்கள்? சிறுகச் சிறுகச் சேர்ந்த பிறகுதானே அநீதி கண்ணுக்குத் தெரிகிறது?

அவர் தமது வாதத்துக்குப் பழைய தீர்ப்பு ஒன்றையும் ஆதாரம் காட்டினார். வட கரோலினா மாநிலத்தில் விவசாய இலாகா ஊழியரான கறுப்பர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்த வழக்கில், 1986-இல் இதே சுப்ரீம் கோர்ட், குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சம்பளமும் ஒரு புதுக் குற்றம் என்று கூறியிருந்தது. சம்பளம் போடும் தேதிதோறும் அநீதி புதிதாகப் பிறக்கிறது என்பது அதன் பொருள். அதுவே நமக்கும் சரியெனப் படுகிறது. நேற்று திருடியவன் இன்றும் திருடினால், நேற்றைய திருட்டுக்குக் கெடு கடந்துவிட்டது என்று சொல்லி இன்றைய திருட்டையும் மன்னிப்பாரில்லை.

கோர்ட்டு மூடிய கதவு

கின்ஸ்பர்க் அம்மையார் தமது எதிர்த் தீர்ப்பின் முடிவில், சட்டம் செய்யும் சபைதான் இனி இதைத் திருத்த வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். பெண்கள் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. லில்லி எழுபதை நெருங்கும் வயதில் ஊர் ஊராகப் போய்த் தம் கதையைச் சொன்னார். 2007-இலேயே கீழ்ச்சபையில் மசோதா நிறைவேறியது. 2008-இல் செனட் சபையில் விவாதத்துக்கு எடுக்கவே போதிய ஓட்டில்லாமல் தடைபட்டது. இயக்கம் ஓயவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலிலும் இது பேச்சாயிற்று. 2009 ஜனவரியில் செனட் சபையில் 61-க்கு 36, கீழ்ச்சபையில் 250-க்கு 177 என்ற ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. ஜனவரி 29-ஆம் தேதி புதிய ஜனாதிபதி ஒபாமா அதில் கையெழுத்திட்டார். அவர் கையெழுத்திட்ட முதல் சட்டம் அதுவே. சட்டத்துக்கு வைத்த பெயரும் லில்லி லெட்பெட்டர் நியாய ஊதியச் சட்டம் என்பதுதான்.

வேற்றுமையால் குறைந்த சம்பளம் ஒவ்வொரு முறை கொடுக்கப்படும்போதும் 180 நாள் கெடு புதிதாகத் தொடங்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. இரண்டே ஆண்டுகளில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பைச் சாதாரண மக்களின் குரல் மாற்றிவிட்டது.

ஆனால், அந்தச் சட்டத்தால் லில்லிக்கு ஒரு காசும் வரவில்லை. அவர் வழக்கு முடிந்த வழக்கு. குட்இயரிடமிருந்து அவருக்கு நட்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. குறைந்த சம்பளத்தின் மேல் கணக்கிட்ட ஓய்வுக்காலப் பணத்தைத்தான் அவர் கடைசிவரை வாங்கினார். 2024 அக்டோபரில் தமது 86-ஆம் வயதில் காலமானார். தமக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் பிறருக்காகப் போராடிய அந்த அம்மையாருக்கு, உலகின் மறு கோடியிலிருந்து ரப்பர்த் தொழிலாளர் சார்பில் நாம் வணக்கம் செலுத்துகிறோம்.

சங்கம் இருந்த இடமும் இல்லாத இடமும்

இவ்வழக்கில் நம் தோழர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி வேறொன்றும் உண்டு. அதே காட்ஸ்டன் தொழிற்சாலையில் மணிக்கூலிக்கு வேலை செய்தவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. அது எளிதில் வந்த சங்கமன்று. 1935-இல் அமெரிக்க ரப்பர்த் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே அதன் தலைவர் ஷெர்மன் டால்ரிம்பிள் காட்ஸ்டனுக்குப் பேச வந்தார். நியாயம் வழங்க வேண்டிய கோர்ட்டுக் கட்டிடத்திலேயே நடந்த கூட்டம் அது. அங்கே அவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்து ஊரைவிட்டே விரட்டினார்கள். அத்தனை அடிக்கும் பிறகுதான் அங்கே சங்கம் வேரூன்றியது. 1995-இல் அது எஃகுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது.

சங்க ஒப்பந்தத்தில் இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி என்று அச்சடித்திருக்கும். அதை யாரும் யாருக்கும் மறைக்க முடியாது. துண்டுக் காகிதம் தேவையே இல்லை. ஆனால், லில்லி மேற்பார்வையாளர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த சங்க உரிமையை, 1947-இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மேற்பார்வையாளர்களுக்கு இல்லையென்று விலக்கிவிட்டது. சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரோடு பேசும் உரிமையும் அந்தச் சங்க உரிமையோடு சேர்ந்ததே. ஆகவே, அவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பேசப் பாதுகாப்பும் இல்லை. மேலதிகாரியின் பேனாவே அவருக்குச் சட்டமாயிற்று.

இதைக் கிராணிமார்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். "எனக்குத் தனிக் கடிதம், தனிச் சம்பளம்; யாரிடமும் சொல்லாதே என்று துரை சொன்னார்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. தனியாகக் கொடுப்பது அன்பினாலா, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்பதனாலா? கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பவர், குறைவாகக் கிடைப்பதும் தாமாகவே இருக்கலாம் என்பதை அறியமாட்டார். செக்ரோல் எழுதும் கைக்கு, அதில் மறைந்திருப்பதைக் காணும் கண்ணும் வேண்டும்.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது, கூலி விஷயத்தில் இரகசியம் முதலாளியின் ஆயுதம். ஒரே வேலைக்கு ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன, பழைய ஆளுக்கு என்ன, புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்த ஆளுக்கு என்ன என்பதைத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் குறைவாக வாங்குபவரல்லர், குறைவாகக் கொடுப்பவரே.

இரண்டாவது, நாள் கணக்கை மறக்கலாகாது. நமது நாட்டுச் சட்டத்திலும் கெடு உண்டு. நியாயமான காரணமின்றி வேலை நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கோரி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. "பெரிய கிராணியிடம் சொல்லிப் பார்ப்போம், தீபாவளி முடியட்டும், துரை மனம் மாறுவார்" என்று காத்திருந்தால் 60 நாள் ஓடிவிடும். பெரட்டுக்கு நேரம் தவறாதவர்கள் தம் உரிமைக்கும் நேரம் தவறக்கூடாது. வேலை நீக்கக் கடிதம் கைக்கு வந்த அன்றே கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, காகிதத்தைக் காப்பாற்றுங்கள். லில்லிக்கு வழி திறந்தது ஒரு துண்டுக் காகிதம். ஜூரிகளை நம்ப வைத்தது கம்பெனியின் சம்பளக் கணக்கு. சம்பளச் சீட்டை வாங்கி அடுப்பில் போடுகிறவர், தம் சாட்சியைத் தாமே எரிக்கிறார்.

நான்காவது, ஒரே வாசலை நம்பி நிற்கக் கூடாது. அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் என்று மற்றொன்று உண்டு. அதற்குக் கமிஷனிடம் முன்கூட்டிப் புகார் செய்யும் நிபந்தனை இல்லை. லில்லி அதன்படியும் கேட்டிருந்தார். கீழ்க் கோர்ட்டில் அது தள்ளுபடியானது. மேலே அதைத் தொடரவில்லை. அந்த வாசல் திறந்திருந்தால் 180 நாள் கெடு அவரை முழுதும் தடுத்திருக்காது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த வாசல் என்று தனி ஆள் அறிவது அரிது. அதற்குத்தான் சங்கமும் சங்கத்து வழக்கறிஞரும்.

கடைசியாக ஒன்று. கோர்ட்டில் தோற்றவர் எல்லாம் நியாயத்தில் தோற்றவர் அல்லர். சட்டம் மனிதர் எழுதியது. மனிதர் திருத்தக் கூடியது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் மூடிய கதவை ஒரு டயர்த் தொழிற்சாலைப் பெண் ஊரைக் கூட்டித் திறந்தாள். அவளுக்கு அந்த வாசலில் நுழையக் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் நுழைந்தார்கள். நம் பாட்டன்மார் போட்ட சண்டையின் பலனை நாம் உண்ணவில்லையா? நம் பிள்ளைகள் உண்ண நாம் எதை விட்டுப் போகப் போகிறோம்?

இந்த மாதச் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. பக்கத்து நிரைக்காரரின் சீட்டோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்டால் சங்கத்துக்கு வாருங்கள். நாளை என்று தள்ள வேண்டாம். கெடு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.